பச்சை தெரிந்த பிறகு பெண் பார்க்கலாம்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஓர் ஆண் வாயைத் திறக்க வேண்டிய காரணங்கள் மூன்றுதான்: கேசரி, பஜ்ஜி, காபி. நான் நான்காவதாக ஒரு காரணத்துக்கும் திறந்தேன். அதன் பலனாக, பட்டு வேட்டியோடு செருப்பில்லாமல் மலை சுற்றும் பாதையில் எதிர்த்திசையில் இழுத்துச் செல்லப்பட்டேன். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. எதையும் வரிசையாகச் செய்பவன் நான். (வீட்டு வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை, அவை யாருடையவை என்றாலும், ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். எங்கள் அம்மா இதை வெளியில் சொல்வதில்லை.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் இருந்த ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்கு நெட் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி செல்வம் அண்ணன் கேபிள் டிவியிலிருந்து இதற்கு வந்தவர். நல்ல மனிதர். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் விபூதித் தட்டு வைத்திருப்பார். அதை நான் தினமும் நகர்த்துவேன், அவர் தினமும் பழைய இடத்தில் வைப்பார்.

ஊர் ஊராக நாங்கள் வைத்திருந்த பெட்டிகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு கண்காணிப்பு மென்பொருள் இருந்தது. எளிமையாகச் சொன்னால் அது ஒரு வாட்ச்மேன். நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டு, "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வந்தால் திரையில் அந்தப் பெட்டியின் பெயர் பச்சையாக இருக்கும். பதில் வராவிட்டால் சிவப்பு. எந்த நேரத்தில் பச்சையானது, எந்த நேரத்தில் சிவப்பானது என்பதும் பக்கத்தில் தானாக விழும்.

இந்த வகை மென்பொருளை நாமாக எழுதுவதில்லை. யாரோ புண்ணியவான்கள் ஒன்றாகத் தொகுத்து இலவசமாகத் தருகிறார்கள். அதில் ஆபத்தான வசதிகளை அவர்களே மூடி, "தெரியாமல் திறக்காதீர்கள்" என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் அந்த எச்சரிக்கையைப் படித்திருக்க வேண்டும். ஏனென்றால், எதையெல்லாம் திறக்காதே என்று போட்டிருந்ததோ அதையெல்லாம் ஒன்று விடாமல் திறந்து வைத்திருந்தார்.

கடவுச்சொல் இல்லாமல் யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியில் இருந்துகொண்டே எங்கள் சர்வருக்குக் கட்டளை கொடுக்கலாம். அந்தக் கட்டளையின் வாலில் இன்னொரு கட்டளையைக் கட்டிவிட்டால், அதையும் அது மறுபேச்சில்லாமல் செய்யும். விஷயம் தெரிந்த ஒருவன் நினைத்தால் ஒரே வரியில் கம்பெனியையே அழித்துவிடலாம். நான் பயந்தது நியாயமான பயம். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அதைவிடப் பயம் தந்தது, யாரோ ஏற்கெனவே உள்ளே வந்திருந்தார்கள் என்பது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெட்டியின் கீழே குறிப்புகள் குவிந்து கிடந்தன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். 'காசி முடிஞ்சது. அடுத்து மேல்காடு.' 'மேல்காடு ஒரு மணி நேரம். அப்புறம் கெணத்து மேடு.' 'காசி ரெண்டு தடவ போட்டுட்டார், இது நியாயம் இல்ல.'

நான் அதைப் பிரிண்ட் எடுத்துப் போய் செல்வம் அண்ணனிடம் காட்டினேன்.

"இன்னாபா இது, கட்டப்பஞ்சாயத்து மாரி கீது?"

"சங்கேதம்ணே. ஒரு குரூப்பா வேல பண்றாங்க. காசின்றவன்தான் தலைவன்னு நெனைக்கிறேன்."

"காசிலேர்ந்து பண்றானா?"

"தெரிலண்ணே. இருக்கலாம்."

அண்ணன் விபூதித் தட்டைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார். "மூடுறதுன்னா மூடிடு. யாராச்சும் அத யூஸ் பண்ணிக்கினு இருக்காங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்க."

"நம்மளத் தவிர யாருண்ணே யூஸ் பண்ணப் போறாங்க" என்றேன்.

அன்று மதியமே எல்லாவற்றையும் மூடினேன். அலுவலகத்தில் என் மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து மட்டுமே அந்தப் பக்கம் திறக்கும். வேறு எங்கிருந்து திறந்தாலும், நானே யோசித்து எழுதிய ஒரு வாசகம் வரும்: 'உங்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் முயற்சி பதிவு செய்யப்பட்டுள்ளது.' அன்றைய நாட்குறிப்பில், 'ஓட்டைகள் யாவும் அடைக்கப்பட்டன. மனம் நிறைவு' என்று எழுதினேன். நிறைவு என்ற சொல்லின் கீழே கோடும் போட்டேன்.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது.

"சார், பச்ச தெரிய மாட்டேங்குதுங்க."

"உங்களுக்கு நெட் வருதா?"

"நெட் வருதுங்க. பச்சதான் வர்ல."

"நெட் வருதுல்ல, அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டேன். அந்த வாரத்தில் அப்படி இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் அதே பதிலைக் கொஞ்சமும் மாற்றாமல் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. நல்ல நாள் என்று அம்மா பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதும் போனால் தரகர் என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஊர், கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே. பெண்ணின் பெயர் மலர். அப்பா ஏழுமலைக்குக் கொல்லையில் மல்லாட்டை. (வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் வேறு எப்படியும் சொல்ல மாட்டோம். கொல்லை என்றால் பயிர் செய்யும் நிலம்.) போட்டோவைப் பார்த்ததிலிருந்து இந்த இடம் அமைய வேண்டுமே என்று எனக்கு உள்ளூர ஒரு தவிப்பு. அம்மாவிடம் மட்டும், "பார்ப்போம்" என்று சொல்லி வைத்தேன்.

"அங்க போயி அதிகம் பேசாத" என்றார் அம்மா, பஸ்ஸில்.

"நான் எங்க பேசறேன்?"

"செருப்ப அடுக்காத."

நான் பஸ் டிக்கெட்டுகளை வரிசை எண்படி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் களை இல்லை. கண்கள் சிவந்து, மோவாயில் தாடி அரும்பி, ஒருவர் சுவரில் சாய்ந்தபடி தூங்கியே விட்டார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் போலவே இல்லை. என் படிப்பையும் வேலையையும் கண்டு மிரண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (முப்பத்தொரு வயதில் மனிதனுக்கு எதையும் தனக்குச் சாதகமாகப் புரிந்துகொள்ளும் சக்தி இருக்கிறது.)

கேசரி வந்தது. பெண்ணின் தாய்மாமன் என்று ஒருவரைக் காட்டினார்கள். தடித்த மீசை. அவர்தான் ஆரம்பித்தார்.

"தம்பிக்குக் கம்ப்யூட்டர்ல இன்னா மாரி வேல?"

ஒரே வரியில் முடித்திருக்கலாம். அம்மா என் முழங்கையைத் தொட்டார். ஆனால் உள்ளறையின் கதவருகே ஒரு பச்சைப் புடவைத் தலைப்பு தெரிந்தது. அது என் புத்தியைக் கெடுத்தது. அந்தத் தலைப்புக்கும் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னேன். எங்கள் மென்பொருளைப் பற்றி, அது திறந்து கிடந்த அலங்கோலத்தைப் பற்றி, திருட்டுத்தனமாக ஒரு கும்பல் அதற்குள் நுழைந்து சங்கேதமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பற்றி.

"போன வாரம்தான் மொத்தமா மூடினேன். இப்ப ஒரு ஈ உள்ள போக முடியாது. காசின்னு ஒருத்தன், அவன்தான் அந்தக் கும்பலுக்குத் தலைவன். எங்கேயோ உக்காந்துகிட்டு ஆட்டி வச்சிருக்கான்."

சுவரில் சாய்ந்திருந்தவர் விழித்துக்கொண்டார்.

தாய்மாமன் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "எங்கேயோ இல்லீங்க. இங்கதான் உக்காந்துகினு கீறேன். நான்தான் காசி."

அதற்குப் பிறகு நான் அறிந்துகொண்ட விவரங்கள் இவை. ஏழுமலையின் மோட்டார் கொட்டாய் மேல் எங்கள் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பேட்டரி உண்டு. கரண்டு இருக்கிறதா, பேட்டரியில் ஓடுகிறதா என்று நாங்கள் தெரிந்துகொள்ள, பக்கத்திலேயே பேட்டரி இல்லாத ஒரு குட்டிப் பெட்டியை மோட்டார் லைனில் செருகியிருந்தார்கள். மோட்டாருக்கான மும்முனைக் கரண்டு வந்தால் குட்டிப் பெட்டி பச்சை. போனால் சிவப்பு. எனக்கு முன் இருந்தவர், "பெட்டி செவப்பாவே இருந்தா ஒரு போன் பண்ணுமா" என்று மலரிடம் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பக்கம் மோட்டார் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. முறை வைத்துத்தான் போட வேண்டும். போனில் பேசி முறை வைத்தால், 'நீ எப்பப் போட்ட, நான் எப்பப் போட்டேன்' என்று சண்டை. மலர்தான் அந்தப் பக்கத்தை ஊருக்கே காட்டியிருக்கிறாள். பச்சை வந்தால் கரண்டு வந்துவிட்டது. யாருடைய முறை என்பது கீழே குறிப்பில் இருக்கும். (மேல்காடு, கெணத்து மேடு எல்லாம் கொல்லைகளின் பெயர்கள்.) நேரம் தானாக விழுவதால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. இரண்டு வருடமாகச் சண்டை இல்லை.

நான் மூடிய மறுநாள் எல்லோரும் கொட்டாயிலேயே காவல் இருந்திருக்கிறார்கள். கரண்டு வந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக மோட்டாரைப் போட, டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது. அதைச் சரிசெய்து மாட்டியது அன்று காலையில்தான், அதுவும் ஊரே இரவெல்லாம் விழித்திருந்து. மல்லாட்டைச் செடியிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம். அப்போது மண் காய்ந்தால் காய் பிடிக்காது. ஒரு வாரமாக அந்த ஊரில் எந்தக் கொல்லையிலும் தண்ணீர் இல்லை.

"மலருக்குப் பெரியப்பா ஒருத்தரு" என்றார் ஏழுமலை. சாந்தமாகத்தான் பேசினார். அது இன்னும் சங்கடமாக இருந்தது. "போன்ல நீங்க எழுதி வச்சதப் படிச்சிக் காட்டச் சொல்லிக் கேட்டாரு. முயற்சி பதிவு ஆயிடுச்சின்னதும், போலீசு வரும்னு வெளியூர்ல தன் மவ ஊட்டுக்குப் போய்ட்டாரு. இன்னும் வர்ல."

"நான்... பாதுகாப்புக்காகத்தாங்க..."

உள்ளறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "கதவ மூடுனது சரிங்க. மூடறதுக்கு முன்னாடி உள்ள யார் இருக்காங்கன்னு ஒரு குரல் குடுக்கணும்ல?"

"மலரு, நீ சும்மா இரு" என்று ஒரு பெண் குரல் அடக்கியது.

அதுதான் என் மனைவி என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

"இப்பவே தெறந்துடறேங்க" என்று போனை எடுத்தேன். திறந்தேன். 'உங்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் முயற்சி பதிவு செய்யப்பட்டுள்ளது' என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவரையே உள்ள வுடலியாம்பா" என்று கூடத்துக்கே அறிவித்தார்.

ஏழுமலை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "கரண்டு சாயந்திரம் வரும்ன்றாங்க. அதுக்குள்ள மொதல்ல பச்சையக் காட்டுங்க தம்பி. அப்பால பொண்ணக் காட்டுறோம். அம்மா இங்கயே இருக்கட்டும், சாப்புட்டுட்டு இருப்பாங்க."

என் அம்மாவைப் பார்த்தேன். அவர் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசி மாமா தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பௌர்ணமி என்பதால் ஊர் எல்லையிலேயே போலீஸ் வண்டியை நிறுத்திவிட்டது. அங்கிருந்து கூட்டத்தில் நீந்தி செங்கம் சாலைக்கு நடந்தோம். வழியில் என் செருப்பில் ஒன்று அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நடப்பது எனக்கு ஒத்துவராது என்பதால் இன்னொன்றையும் கழற்றிவிட்டேன். அலுவலகம் பூட்டியிருந்தது. சாவி செல்வம் அண்ணனிடம். பக்கத்து டீக்கடையில் கேட்டோம்.

"மொதலாளி மல சுத்தப் போய்ட்டாரே. இப்பதான் கெளம்புனாரு."

போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் நாங்களும் மலை சுற்ற ஆரம்பித்தோம். சாலையில் ஆயிரக்கணக்கானோர் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஓடியவன் நான் ஒருவன்தான். வழியில் வரும் யம லிங்கத்தில் அண்ணன் இல்லை. நிருதி லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், நீர்மோர்ப் பந்தலில் இருந்தார்.

"அண்ணே, சாவி வேணும், ஆபீஸ் சாவி."

அண்ணன் உதட்டின் மேல் விரலை வைத்துக் கையைக் கூப்பினார். மௌன விரதம். மலை சுற்றி முடிக்கிற வரை பேச மாட்டார்.

"பேச வேணாம்ணே. சாவி எங்கன்னு மட்டும் காட்டுங்க."

இடுப்பைத் தட்டி, இல்லை என்று கையை விரித்தார். பிறகு தலைக்குப் பின்னால் பெரிய உருண்டை ஒன்றைக் காட்டினார். கையில் வளையல் மாட்டுவது போல் செய்தார். கடைசியில் முகத்தை மிகக் கடுமையாக வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணிகிட்ட இருக்குதா?"

தலையாட்டிவிட்டு, வந்த வழியைக் கைகாட்டினார். அண்ணி மெதுவாகப் பின்னால் வருகிறார். நாங்கள் ஓடிய ஓட்டத்தில் அவரைத் தாண்டி வந்திருக்கிறோம்.

"வா, திரும்பிப் போயி வாங்கிக்கலாம்" என்றார் காசி மாமா.

"மலை சுத்தும்போது எதிர்ல நடக்கக் கூடாதுங்க. ஒரு முறை இருக்குதில்ல."

காசி மாமா என்னை நின்று நிதானமாகப் பார்த்தார். "இந்த முறையெல்லாம் பாக்குற ஆளு, எங்க மோட்டார் முறையக் கொஞ்சம் பாத்திருக்கக் கூடாதா?"

பந்தலிலேயே உட்கார்ந்தோம். அவரும் நானும் மோர் குடித்தோம். அவர் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரெண்டு தடவ போட்டுட்டேன்னு எழுதி இருந்ததே, அது யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிலங்க."

"பொண்ணுதான். சொந்த மாமன்னு கூடப் பாக்கல." குரலில் பெருமை இருந்தது.

ஒருவழியாக அண்ணி வந்தார். சுருக்குப்பையிலிருந்து சாவி வந்தது. இனி அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். நான் தயங்குவதைப் பார்த்த காசி மாமா, என் மணிக்கட்டைப் பிடித்து எதிர்த்திசையிலேயே இழுத்துக்கொண்டு நடந்தார். "தம்பி, எதிர்ல போவக் கூடாது" என்று சொல்லாத பக்தர் ஒருவர்கூட இல்லை. "தெரியுங்க, தெரியுங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மேசைக்கு முன் உட்கார்ந்ததும், எல்லாவற்றையும் பழையபடி திறந்துவிட்டால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும் என்று தோன்றியது. கை அந்த இடம் வரை போனது. ஆனால் அந்த ஓட்டை நிஜமான ஓட்டை. அதைக் காசி மாமாவிடம் சொன்னேன். வெளியாள் ஒருவன் நினைத்தால் பச்சையைச் சிவப்பென்று காட்டலாம், பெட்டியையே அணைக்கலாம் என்றேன்.

"அப்படியா?" என்றார். அவருக்கு இது புது விஷயம். "எவனாவது நம்ம முறையில கை வச்சா?"

"வைக்கலாங்க."

"அப்ப அத மூடு. எங்களுக்கு ஒரு தனிக் கதவு போடு."

ஒரு மென்பொருள் நிபுணனும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. வெளியிலிருந்து கட்டளை கொடுக்கும் வசதியை மூடியபடியே விட்டேன். அவர்கள் ஊர்ப் பெட்டியை மட்டும் பார்க்க, குறிப்பு எழுத, கடவுச்சொல்லோடு ஒரு தனி வழி செய்தேன். காசி மாமா ஏழுமலை வீட்டுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். எடுத்தது மலர்.

"ஆளுக்கொரு கடவுச்சொல் தர்றேங்க. எட்டு எழுத்துக்குக் குறையாம இருக்கணும். அதுல ஒரு எண், ஒரு குறி..."

"எங்க ஊர்ல ஆளுக்கொண்ணு குடுத்தா, அத்தனையும் நான்தான் ஞாபகம் வச்சிக்கணும்."

"எழுதி வச்சிக்கக் கூடாதுங்க."

"சரி. மனசுலயே வச்சிக்கிறேன். சொல்லுங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், ஒரு எழுத்தும் பிசகாமல். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் சொன்னதை யாரும் கேட்டதில்லை. எங்களுக்குள் நடந்த முதல் உரையாடல் முழுக்கக் கடவுச்சொற்கள்தான்.

"பக்கம் தொறந்துடுச்சி" என்றாள். "ஆனா செவப்பா கீது."

"கரண்டு இன்னும் வரலைங்க."

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் கூடத்து ஆண்களின் குரல்களும், என் அம்மா யாரிடமோ சாம்பாருக்குப் புளி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்பதும் காதில் விழுந்தன. அம்மாவை நினைத்து நிம்மதியாக இருந்தது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"வந்துடுச்சி" என்றாள் மலர். என் திரையிலும் அந்த ஒரு வரி பச்சையாக மாறியிருந்தது. பிறகு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மொதல்ல பெரியப்பா கொல்ல. அவரு ஊர்ல இல்ல, யாராவது போயி போடுங்க. காசி மாமாவுக்குக் கடைசி."

காசி மாமா போனை நோக்கிக் கத்தினார். "நான் இங்க உங்க ஊட்டு வேலையாத்தாம்மா வந்துகீறேன்."

"அதான் கடைசி" என்றாள்.

அன்று நான் பெண்ணைப் பார்க்கவில்லை. காசி மாமா மோட்டார் போடும் அவசரத்தில் தனியாகக் கிளம்பிவிட்டார். ஏழுமலை மாமா அம்மாவைக் கீழ்பென்னாத்தூர் வேனில் ஏற்றிவிட்டார். இருட்டிய பிறகு வந்து சேர்ந்த அம்மா, "எனக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு. அவங்களுக்கு உன்னப் பத்தி யோசிக்கணுமாம். மல்லாட்ட புடுங்கறப்ப சொல்றோம்னாங்க" என்றார்.

அந்த இரண்டு மாதமும் தினமும் அலுவலகத்துக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். குறிப்பில் முறை தவறாமல் நடப்பதைப் பார்ப்பேன். அறுவடைக்கு அழைத்தார்கள். பிடுங்கிய செடியை ஏழுமலை மாமா என் முன்னால் உதறிக் காட்டினார். காய் பிடித்திருந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கம்மி. "பரவால்ல" என்றார். அந்தச் சொல்லைத் திருமணச் சம்மதம் என்று அம்மா எடுத்துக்கொண்டார். மலர் செடியிலிருந்து காய்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "செருப்ப வரப்புல விட்டுட்டு வாங்க" என்றாள்.

இப்போது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். போன மாதம் மலரின் சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சென்னையில் சாப்ட்வேர். நான் மூத்த மருமகன் என்ற முறையில் கூடத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கேசரி வந்தது. அந்தப் பையன் தன் வேலையைப் பற்றி உற்சாகமாக ஆரம்பித்தான். ஏழுமலை மாமா அவன் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

பிறகு மிகுந்த மரியாதையோடு, "தம்பி, ஊர்லேர்ந்து கெளம்பறப்ப எதையாச்சும் மூடிட்டு வந்தீங்களா?" என்றார்.

கூடமே சிரித்தது. காசி மாமா தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. கேஸ் அடுப்பைச் சொல்கிறார்களா, கதவைச் சொல்கிறார்களா என்று திகைத்து, உதவிக்காக என்னைப் பார்த்தான். நான் அவன் தட்டில் இன்னொரு பஜ்ஜியை எடுத்து வைத்தேன்.

"சாப்பிடுங்க தம்பி" என்றேன். "பேசாம சாப்பிடுங்க."